நாலாவது கம்பியை முதல்ல கழட்டுங்க | காங்கோ ரும்பா கிட்டார்

வணக்கம் மக்களே! இன்னிக்கு செம கடுப்புல இருக்கேன். 10 சைஸ், அதாவது 0.010 அங்குல தடிமன் கிட்டார் கம்பி ஒண்ணே ஒண்ணு கேட்டா, ஒத்தையா தரமாட்டாங்களாம். முழு செட்டு 700 ரூபா! ஒரு கம்பிக்கு 700! மிச்ச அஞ்சுல துணியா காயப்போடுறது?

எதுக்கு அந்தக் கம்பி? காங்கோ நாட்டு ரும்பா இசை பத்தின போன வீடியோல அத்தனை பேரும் "இந்த ஸ்பீடு நமக்கு வராது"ன்னு போட்டிருந்தீங்க. விஷயம் ஸ்பீடுல இல்லைங்க. லீடு கிட்டாருக்கும் ரிதம் கிட்டாருக்கும் நடுவுல ஒரு கிட்டார் மினுமினுங்குதுல்ல? அதுக்கு டியூனிங்கே வேற. அந்த டியூனிங் பேரு மி-காம்போசே.

நாலாவது கம்பி, அதாவது டி (D) சுரக் கம்பி, அதைக் கழட்டிட்டு முதல் கம்பி சைஸ்லயே இன்னொண்ணு மாட்டுங்க. 10 தொளதொளன்னு இருந்தா 11. டிக்கே டியூன் பண்ணுங்க. ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன்: ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேல இருக்கிற டி! பழைய தடிக் கம்பியையே முறுக்கி ஏத்தாதீங்க, ஆக்டேவ் ஏறினா இழுவிசை நாலு மடங்கு, பட்டுனு அறுந்துடும்.

சரியா வந்துச்சான்னு பார்க்க, நாலாவது கம்பியை ரெண்டாவது ஃப்ரெட்டுல அழுத்துங்க. முதல் கம்பியை எங்கயும் அழுத்தாம மீட்டுற ஓப்பன் சத்தமும் அதுவும் ஒண்ணா இருக்கணும். இப்ப சாதா சி கார்டைப் பிடிச்சு 4, 3, 2, 1ன்னு மீட்டுங்க. சுரம் மேல நின்னு, கீழ குதிச்சு, திரும்ப மேல ஏறும். அவ்ளோதான், காங்கோ தலைநகர் கின்ஷாசாவுக்கே போயாச்சு!

கர்ர்ர்னு அடிக்குதா? கிட்டார் கழுத்து முனையில கம்பிங்க உட்காருற பட்டை, அதான் நட்டு, அதுல பள்ளம் தடிக் கம்பிக்கு வெட்டினது, மெலிசுக் கம்பி உள்ள ஆடும். அடியில துண்டுக் காகிதம் மடிச்சு வைங்க.

இந்த இசையோட வேர் கியூபா. 1933லேர்ந்து எச்.எம்.வி. ஜி.வி. வரிசைன்னு கியூபா பாட்டு இசைத்தட்டுகளை ஆப்பிரிக்காவுல விட்டாங்க. அதுல பியானோ சுத்திச் சுத்தி வாசிக்கிறதை காங்கோக்காரங்க கிட்டாருக்கு மாத்திட்டாங்க. 1948ல லியோபோல்ட்வில்லுல, அதான் இன்னிக்கு கின்ஷாசா, ஒரு கிரேக்க வியாபாரி ங்கோமாங்கிற இசைத்தட்டு கம்பெனி ஆரம்பிச்சார். பாடகர் வெண்டோவோட 'மரி-லூயிஸ்' பாட்டு அங்கதான் வந்துச்சு, கிட்டார் ஆன்ரி போவானே. 1956ல கிட்டார் கலைஞர் ஃபிராங்கோவோட ஓ.கே. ஜாஸ் இசைக்குழு. 1969ல ஜைக்கோ லங்கா லங்கா குழு வந்து ட்ரம்பெட், சாக்ஸஃபோனையெல்லாம் தூக்கிட்டாங்க, முழுப் பாரமும் கிட்டார் தலையில. என்னைக் கேட்டா நல்ல வேலை. ட்ரம்பெட் ரசிகர்கள் திட்டுங்க, பரவால்ல.

ஆங், பாட்டுக்கு அப்புறம் ஆட்டம் போட வைக்கிற பகுதி, செபென். சி, எஃப், ஜி, எஃப் கார்டு, இதையே சுத்துங்க. சத்தத்தைக் கரகரப்பாக்குற டிஸ்டார்ஷன் மட்டும் போட்டுடாதீங்க, அந்த மினுமினுப்பு செத்துடும்.