கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள்

நண்பர்களே, கனடாவின் வடகோடியில் இன்யூட் மக்கள் செதுக்கிய பழைய கல் கரடி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பல சிற்பங்களில் அங்கே ஓர் எண் கீறியிருக்கும். கேப் டோர்செட் ஊர்க்காரர் செய்தது என்றால் ‘E7’ என்று தொடங்கும்.

அது விலை அல்ல, சிற்பியின் அடையாள எண். இன்யூட் மக்களிடம் அன்று குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இருக்கவில்லை. அவர்களுடைய பெயர்களை எழுதத் தடுமாறிய அரசு, 1941 முதல் ஆளுக்கொரு எண் பொறித்த சிறு வில்லையைக் கொடுத்தது. பெயருள்ள மனிதருக்கு எண்! கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வந்தது.

இந்தப் பழைய சிற்பங்களில் பல மாக்கல்லில் செதுக்கியவை. மாக்கல் என்றால் நமக்கு வத்தக்குழம்பு கொதிக்கும் கல்சட்டி நினைவுக்கு வரும். அவர்களும் அந்தக் கல்லில் பாத்திரம் குடைந்தவர்கள்தாம்; கடல்நாய்க் கொழுப்பு எரியும் விளக்கும் குடைந்தார்கள். சிற்பம் பிழைப்பானது பிற்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெள்ளை நரித்தோலின் விலை சரிந்து, பொறிவைத்துப் பிடித்தவர்கள் பட்டினியை நெருங்கினார்கள். 1948-இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக்குக்குப் போய்ச் சிற்பங்களைக் கண்டார். மறு ஆண்டு மாண்ட்ரியாலில் விற்பனைக்கு வைத்தவை மூன்றே நாளில் தீர்ந்துபோயின.

கேப் டோர்செட் சிற்பிகள் பின்னாளில் மாக்கல்லைவிடக் கடினமான, செர்பென்டைன் என்ற பச்சை நிறக் கல்லை எடுத்தார்கள். தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் குளிரிலும் வெளியே அமர்ந்தே வேலை. கோடரியால் கொத்தி, அரத்தால் ராவும்வரை கல் சாம்பல் பூத்துக் கிடக்கும். உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கும்போதுதான் உள்ளிருக்கும் கரும்பச்சை மேலே வரும். அப்படிப்பட்ட கல்லில் அவ்வூர்ச் சிற்பி ஓசுய்டொக் இபீலி, குச்சி போன்ற கால்களில் காரிபு மானை நிற்க வைத்தார். ஒரு கால் ஒடிந்தாலும் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. பௌடா சைலா நேர்மாறானவர். அவருடைய பருத்த கரடி ஒற்றைக் காலில் ஆடும். இருவரில் எனக்கு மான்காரர்தான் ஒரு படி மேல்.

1968-இல் தொடங்கி அபே ஒக்பிக் என்ற இன்யூட் மனிதர் ஊர் ஊராகச் சென்று, எந்தக் குடும்பப் பெயர் வேண்டும் என்று அவரவரையே கேட்டு எழுதினார். வில்லைகள் வழக்கொழிந்தன. சில சிற்பிகள் மட்டும் அதன் பிறகும் கல்லின் அடியில் பழைய எண்ணையே கீறிக்கொண்டிருந்தார்கள்.