எப்போது நடக்கும் என்பதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர், பின்னங்கால் ரெண்டும் விழுந்துபோச்சு, எப்போ நடக்கும்?" நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான். நான் திருப்பிக் கேட்பது, "கடைசியா எப்போ மூத்திரம் போச்சு?" உடனே பதில் வரும்: "அதுக்கென்ன டாக்டர், சொட்டிக்கிட்டேதான் இருக்கு."

அந்தச் சொட்டுதான் ஆளை ஏமாற்றும். வண்டியில் அடிபட்டோ, முதுகு எலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு பிதுங்கியோ தண்டுவடம் நசுங்கினால், கால்களோடு மூத்திரப்பையும் கட்டுப்பாட்டை இழந்துவிடும். பை முட்ட நிரம்பி, தாங்காமல் வழிவதைத்தான் நாம் 'போகிறது' என்று நினைத்துக்கொள்கிறோம். தேங்கியதில் கிருமி பிடிக்கும். சிறுநீரகம் வரைக்கும் ஏறும். நடக்க முடியாத நாய் வருஷக்கணக்கில் நன்றாக வாழும். இதைக் கவனிக்காமல் விட்ட நாய் வாழாது.

பை தானாகக் காலியாகாத நாய்க்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கையால் அழுத்தி எடுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பின்னங்காலுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் கை வையுங்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி ஒன்று தட்டுப்படும். விரல் நுனியால் குத்தாமல், விரல்களைத் தட்டையாக வைத்து, வால் பக்கமாக நிதானமாக அழுத்துங்கள். வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், பை கிழிந்துவிடும். இதை ரேடியோவில் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். உங்கள் மருத்துவர் உங்கள் கைமேல் தன் கையை வைத்துக் காட்டட்டும். வீட்டில் இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள். ஒருவர் கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போனால் நாய்க்கு மூத்திரம் நிற்காது. நாற்றம் மாறினாலோ, கலங்கலாகவோ ரத்தமாகவோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது தோல். ஈரத்தில் கிடந்தால் தொடையிடுக்கு வெந்துபோகும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், கெட்டியான மெத்தை போடுங்கள். நம்மூர் ஈக்கு ஒரு சின்னப் புண் போதும், மறுநாளே புழு நெளியும். வாலடியைத் தூக்கி தினமும் பாருங்கள்.

கால்களை மெதுவாக மடக்கி நீட்டிவிடுவது மூட்டு இறுகிப்போகாமல் இருக்க உதவும். விரலைக் கிள்ளினால் காலை இழுக்கிறதே, உணர்வு வந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். மூளைக்குச் சேதி போகாமலே கால் அப்படி இழுத்துக்கொள்ளும். கிள்ளும்போது திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா? அதுதான் கணக்கு.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். இபுப்ரொஃபேன், டைக்லோஃபெனாக் எல்லாம் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சக்கர வண்டி பற்றியும் கேட்கிறார்கள். பிவிசி குழாயில் வீட்டிலேயே செய்கிறவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் அதில் கட்டிய நாயால் நிம்மதியாகப் படுக்க முடியாது. மாட்டிவிட்டு வெளியே போய்விடாதீர்கள். ஆரம்பத்தில் பத்து நிமிஷம் போதும். முதுகெலும்பு முறிந்த நாய் என்றால், எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை வண்டிப் பேச்சே வேண்டாம்.