யுஸு: நகமளவு தோலில் அடங்கிய வாசம்

நேயர்களுக்கு வணக்கம்.

அரக்கு பூசிய சின்ன மரக்கிண்ணம், அதற்கொரு மூடி. உள்ளே தெளிந்த சூப். பரிமாறுவதற்குச் சற்று முன்னால், கட்டைவிரல் நகமளவுக்கு மஞ்சள் தோல் ஒரு துண்டு சீவி, சூப்பின் மேல் மிதக்கவிட்டு மூடிவிடுவார்கள். சாப்பிட உட்கார்ந்தவர் மூடியைத் திறந்ததும், சூப்பின் ருசி நாக்குக்கு எட்டும் முன்பே அந்த வாசம் முகத்தில் வந்து படும். ஜப்பானியச் சமையலில் இந்தத் துண்டுக்கு சுய்குச்சி என்று பெயர். அந்தத் தோல், யுஸு என்ற பழத்தினுடையது.

ஜப்பானியர் வீடுகளில் எலுமிச்சை வகைப் பழங்கள் பல புழங்குகின்றன. தோகுஷிமாவில் சுதாச்சி, ஓயிதாவில் கபோசு, ஒகினாவாவில் ஷீக்குவாசா. புத்தாண்டுக்கு மோச்சி என்ற அரிசி மாவுப் பண்டத்தின் அடுக்கு உச்சியில் தாய்தாய் என்ற நாரத்தை வகைப் பழத்தை வைப்பார்கள். அந்தப் பெயருக்குத் தலைமுறை தலைமுறையாக என்றும் பொருள் வரும். ஆனால் வாசத்துக்கென்றே ஒரு பழத்தை வாங்குவது என்றால் அது யுஸுதான். சாறு குறைவு, விதை அதிகம், சுளையாக உரித்துத் தின்ன ஏற்றதல்ல. அதன் மதிப்பு முழுவதும் தோலில் இருக்கிறது.

பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், தோல் நம் கடாரங்காய் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை எண்ணெய்ப் பைகள். ஒரு துண்டுத் தோலை மடக்கி அழுத்தினால், பனி தெளித்தது போல எண்ணெய் சிதறும். விளக்குக்கோ அடுப்புக்கோ பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், பற்றிக்கொள்ளும். அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் அதேதான். யுஸுவைத் தனித்துக் காட்டுவது மிகச் சிறிய அளவில் உள்ள மற்றப் பொருள்கள்: லினலூல், ஜப்பானிய ஆய்வாளர்கள் யுஸுனோன் என்று பெயரிட்ட ஒரு சேர்மம், கூடவே கொஞ்சம் தைமால். நம் ஓமத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் தைமால்தான். யுஸுவை முதன்முறை முகர்பவர்கள் எலுமிச்சைக்குள் ஏதோ மூலிகை கலந்தது போல இருக்கிறது என்று சொல்வதில் ஆச்சரியமில்லை.

இந்த வாசம் சீக்கிரம் ஓடிவிடும். யுஸுவைப் பயன்படுத்தத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிப்பது இந்த ஒரு விஷயம்தான். கொதிக்கும் சூப்பில் தோலைப் போட்டால் ஆவியோடு மணமும் போய், கசப்பு மட்டும் மிஞ்சும். முன்கூட்டியே துருவி வைத்தாலும் வீண். அடுப்பை அணைத்து, கிண்ணத்தில் ஊற்றி, கடைசியாகத் தோலைச் சீவிப் போட்டு உடனே மூட வேண்டும். சீவும்போது மஞ்சள் மட்டும் வரட்டும். கத்தியைப் படுக்கவைத்துச் சீவி, அடியில் வெள்ளை ஒட்டியிருந்தால் அதையும் வழித்துவிடுங்கள். துருவி என்றால் ஒரே இடத்தில் இரண்டு தடவை தேய்க்கக் கூடாது.

இனி குளியல். டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளை ஜப்பானியர் தோஜி என்பார்கள். அன்று யுஸு மிதக்கும் வெந்நீரில் குளிப்பது யுஸு-யு. எடோ காலத்தில் (1603–1868) பொதுக் குளியல் கூடங்களில் பரவிய வழக்கம் இது. தோஜி என்றே ஒலிக்கும் இன்னொரு சொல்லுக்கு வெந்நீரூற்றில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்வது என்று பொருள். இந்தச் சிலேடையிலிருந்து வழக்கம் வந்தது என்பார்கள். பழம் மஞ்சளாகப் பழுத்து மணம் நிறைவதும் அதே பருவம்தான்.

வீட்டுத் தொட்டி ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். அதற்கு ஐந்தாறு பழங்கள் போதும். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறங்குவார்கள், அதே நீரில் வீட்டார் எல்லாரும் அடுத்தடுத்துக் குளிப்பதால். பழங்களைக் கழுவி முழுசாகவே மிதக்கவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பான முறை. இன்னும் கொஞ்சம் மணம் வேண்டுமென்றால் தோலில் மூன்று நான்கு இடங்களில் மேலாகக் கீறிவிடலாம். இரண்டாக நறுக்கிப் போடுவதானால், துணி துவைக்கும் வலைப்பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். இல்லையென்றால் விதையும் சதையும் நீரில் கலந்து, நீரைத் திரும்பச் சூடாக்கும் கருவியின் வடிகட்டியை அடைத்துவிடும். மறுபடி சூடேற்றும் முன் பழங்களை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

சூடு 40 டிகிரி இருந்தால் போதும். ஜப்பானின் நுகர்வோர் நல அமைப்பு 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்க வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. குளிர்ந்த அறையிலிருந்து சட்டென்று வெந்நீரில் இறங்கும்போது வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் தடுமாறும் என்பதே காரணம். உடை மாற்றும் இடத்தையும் முன்பே சூடாக்கி வைக்க வேண்டும்.

யுஸு குளியலில் அடிக்கடி வரும் தொல்லை, தோலில் சுருக்கென்ற எரிச்சல். குழந்தைகள் மிதக்கும் பழத்தைப் பிடித்துப் பிழிந்து விளையாடும்போது லிமோனீனும் அமிலமும் ஒரே இடத்தில் குவிந்து படுகின்றன. அப்போதுதான் சவரம் செய்த தோல், கீறல், வறண்ட தோல், தோல் அழற்சி எல்லாவற்றிலும் அது உறைக்கும். எரிந்தால் உடனே எழுந்து வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட தோல்காரர்களுக்கு கீறாத முழுப் பழம் இரண்டே போதும். கைக்குழந்தைக்கு இந்தக் குளியல் வேண்டாம்.

பழம் கிடைக்காத இடத்தில் பலரும் தேடுவது யுஸு எண்ணெய். குப்பியில் சிட்ரஸ் ஜூனோஸ் என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறுமனே யுஸு வாசனை என்று மட்டும் போட்டிருந்தால் அது கலவை மணமாக இருக்கலாம். மெழுகுவர்த்திக்கு அது சரி, தோலுக்கு வேண்டாம். எண்ணெய் எடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. சூடுபடுத்தாமல் தோலைப் பிழிந்து எடுப்பது பழத்தின் மணத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் பிழிந்தெடுத்த எலுமிச்சை வகை எண்ணெய்களில், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் ஃபுரோகூமரின்கள் இருக்கக்கூடும். நீராவியில் வடித்தால் அவை எண்ணெயோடு வருவதில்லை, மணம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். எந்த வகை என்று குப்பி சொல்லவில்லையா? தோலில் பூசுவதை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் அளவு தவறாது. 30 மில்லி பாதாம் எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ ஆறு சொட்டு கலந்தால் 1 சதவீதம், அது கை கால்களுக்கு. முகத்துக்கு அதில் பாதி, மூன்று சொட்டு. முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குளியல் நீரில் எண்ணெயை நேராகச் சொட்டவே கூடாது. அது கரையாமல் மேலே மிதந்து, சொட்டாகவே வந்து தோலில் ஒட்டும். உப்பில் கலந்து போட்டாலும், உப்பு கரைந்ததும் எண்ணெய் மறுபடி தனியே பிரிந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி தாவர எண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து ஊற்றுவதே மேல். தொட்டி வழுக்கும், எழுந்திருக்கும்போது கவனம்.

அறைக்குத் தெளிப்பான் செய்வது சுலபம். நீர் கலக்காத எத்தனால் 5 மில்லியில் பத்துச் சொட்டு எண்ணெயை முதலில் கலக்க வேண்டும், பிறகு 45 மில்லி காய்ச்சி வடித்த நீர். வரிசை மாறி நீரை முதலில் ஊற்றினால் எண்ணெய் திரண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் குலுக்கித் தெளியுங்கள், இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். திரைச்சீலையின் ஓரத்தில் அடித்துப் பார்த்து, கறை படியாவிட்டால் மற்ற இடத்தில் அடிக்கலாம். குப்பி கண்ணாடியாக இருக்கட்டும். லிமோனீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும், சில பிளாஸ்டிக்குகளையும் மங்கவைக்கும். பூனை வளர்க்கும் வீட்டில் இந்த எண்ணெயைத் தெளிக்கவோ ஆவியாக்கவோ வேண்டாம். சிட்ரஸ் எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு.

திறந்த குப்பியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காற்றுப் பட்டு லிமோனீன் கெட்டால் மணம் மழுங்குவதோடு நிற்காது, அந்தக் கெட்ட எண்ணெய் தோல் ஒவ்வாமையைத் தூண்டும். ஆறு மாதம் தாண்டியதைத் தோலில் போடாதீர்கள்.

பழமே கிடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானில் விளையும் யுஸுவில் ஏறத்தாழ பாதி ஷிகோகு தீவின் கோச்சி மாநிலத்தில் விளைகிறது. விதையிலிருந்து வளர்த்தால் காய்க்கப் பதினெட்டு ஆண்டு ஆகும் என்று ஜப்பானியப் பழமொழி ஒன்று உண்டு. நாரத்தை வகை முள்மரத்தில் ஒட்டுக் கட்டி, அந்தக் காத்திருப்பைச் சில ஆண்டுகளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். அப்படியும் கிளையெல்லாம் நீண்ட முள், பறிப்பது கடினமான வேலை. அத்தனை பாடுபட்டு வந்த பழத்தை, சாறு பிழிந்ததும் குப்பையில் எறிய யாருக்கும் மனம் வராது.

முதலில் மஞ்சள் தோலை மெல்லியதாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் பரப்பி, காற்றுப் புகாத பையில் உறையவையுங்கள். சூப்பில் போட உறைந்த நிலையிலேயே எடுக்கலாம். உலர்த்தி வைத்தால் மணம் பாதி போய்விடும் என்பதால் உறையவைப்பதே மேல். பிறகு சாறு. பிழிந்த விதைகளைக் கழுவாமல் விடுங்கள், அந்த வழவழப்புதான் பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் பொருள். ஜப்பானிய வீடுகளில் ஒரு பங்கு விதைக்கு மூன்று பங்கு ஷோச்சு மதுவை ஊற்றிக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைப்பார்கள். அது கஞ்சித் தெளிவு போலக் கெட்டிப்படும். வடிகட்டி, நீர் கலந்து, குளிர்கால வறட்சிக்குக் கையில் தடவிக்கொள்வார்கள். மது சேர்ந்தது என்பதால் வெடித்த தோலில் காந்தும். நிறம் மாறினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டும்.

கடைசியாகக் கையில் நிற்பது பிழிந்த கூடு. அதன் உட்புறத்தால் எஃகுத் தொட்டியையும் குழாயையும் தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போகும். பளிங்குக் கல்லில் மட்டும் படக்கூடாது, அமிலம் மெருகை அரித்துவிடும். தேய்க்காத கூடுகள் இருந்தால் வலைப்பையில் கட்டி அன்றிரவுக் குளியலுக்கு எடுத்து வையுங்கள்.

வணக்கம்.