நெறிக்கட்டியும் ஒரு கண்ணாடித் துண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஆபரேஷன் முடிந்ததும் ‘சதையை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு’ என்று வீட்டார் சொல்வார்கள். அந்தச் சதை வந்து சேரும் மேசையில்தான் என் காலம் கழிந்தது. சதையைப் பார்த்து நோயைக் கண்டறியும் நோய்க்கூறியல் என் பாடம். நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்ப்பது அபூர்வம்.

பல வருடங்களுக்கு முன், குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பத்து வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். கழுத்தின் இருபுறமும் நெறி கட்டி, தாடைக்கோடே தெரியவில்லை. அதற்கு முன் ஓரிடத்தில் சதை எடுத்துப் பார்க்காமலே காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கத்தி பட்டா பரவிரும்னு சொல்லுதாவளே டாக்டரம்மா.” பரவாது, எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்றேன்.

கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் மெல்லியதாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ச் சாயமேற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டினோம். முதலில் மைக்ரோஸ்கோப்பின் சின்ன லென்ஸில் பார்த்தேன். வெளிறிய திட்டுகள். பெரிய லென்ஸுக்கு மாற்றினால், அகன்ற ஒரு செல்லின் உள்ளே லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் நாலைந்து, செரிக்கப்படாமல், முழுசாக! எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் காட்சி என்னை நிறுத்திவிடும்.

அது காட்டிக்கொடுத்தது ரோசாய்-டோர்ஃப்மன் நோயை. புற்றுநோய் அல்ல. பிரெஞ்சுக்காரரான டெஸ்டோம்ப் 1965-லேயே இதைக் கண்டிருந்தார். 1969-இல் இதைத் தனி நோய் என்று அடையாளம் காட்டியவர்கள் ஹுவான் ரோசாய், ரொனால்டு டோர்ஃப்மன் என்ற இரண்டு நோய்க்கூறியல் மருத்துவர்கள். அப்போது ரோசாய்க்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ரோசாய் 1940-இல் இத்தாலியில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு அர்ஜென்டினா போனவர். மருத்துவம் படித்தது அங்கே. அப்புறம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் லாரன் ஆக்கர்மனிடம் சேர்ந்தார். ஆக்கர்மன் 1953-இல் எழுதிய அறுவை நோய்க்கூறியல் நூலை 1981-இன் ஆறாம் பதிப்பில் ரோசாய் ஏற்று நடத்தினார். மின்னசோட்டா, யேல், நியூயார்க், கடைசியில் மிலான் என்று போன இடமெல்லாம் மாணவர்களை உருவாக்கினார். 2020-இல் காலமானார்.

நான் அவரை நேரில் கண்டதில்லை. ஆனால் அந்தத் தடித்த நூலின் அட்டை என் மேசையில் இரண்டு முறை கிழிந்து, இரண்டு முறையும் நானே ஒட்டினேன். ஒரு கட்டியைப் பற்றிச் சொல்லும்போது நோயாளியின் வயது, அது இருக்கும் இடம், சர்ஜன் கண்டது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லும் நூல் அது. சாயம் ஏறிய சதையை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதே என்பதை நான் அதில்தான் படித்தேன். பழைய கருத்தரங்குகளில் அலசிய ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளையும் அவர் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்தார். நாகர்கோவிலில் இருக்கும் மாணவிக்கும் அது கைக்கெட்டும். எனக்கு இதுதான் அவர் செய்ததில் பெரிது.

சரி, பையனுக்கு வருகிறேன். இந்த நோய் பலருக்குத் தானாகவே வற்றிவிடும். காத்திருந்தோம். ஒன்றரை வருடத்தில் தாடைக்கோடு திரும்பத் தெரிந்தது. அவன் ஸ்லைடு இன்னும் என் மரப்பெட்டியில் இருக்கிறது. ஊதா கொஞ்சம் மங்கிவிட்டது. உள்ளே அந்த லிம்போசைட்டுகளை இப்போதும் எண்ணலாம்.

நன்றி, வணக்கம்.