சேர்த்துப் பார்க்காம எந்தப் பிள்ளையும் படிக்கிறதில்ல

நடுவர் அய்யா, எதிரணி அண்ணன்மாரே, இந்தக் குளிர்லயும் ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு பூம்பாறை, மன்னவனூர்ல இருந்தெல்லாம் கொடைக்கானல் வந்து உக்காந்திருக்கிற பெத்தவங்களே, எல்லாருக்கும் வணக்கம். படிக்கிறதைத் தன் வாழ்க்கையோட சேர்த்துப் பார்க்கச் சின்ன வயசுலயே பிள்ளைங்களைப் பழக்கணும், இதுதான் எங்க அணி.

எதிரணி அண்ணன் சொன்ன ஒண்ணு எனக்கு நல்லா உறைச்சுது. "கதையில நாய் வந்தா எங்க வீட்லயும் நாய் இருக்குன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான், பத்து நிமிஷத்துல கதை போயிரும், நாய் மட்டும் நிக்கும்"னாரு. உண்மைதாண்ணே, என் கிளாஸ்லயே நடந்திருக்கு. அந்த இடத்துல டீச்சர் அடுத்த கேள்வியைக் கேக்கணும், அதை நாங்க கேக்காம விட்டுடுறோம்.

ஒரு தடவை மீனவர் கதை நடத்துனேன். கடலுக்குப் போன அப்பா திரும்பல, அம்மா கரையில நிக்கிறாங்க. என் பிள்ளைங்கள்ல முக்காவாசி கடலையே பார்த்ததில்ல. "உங்க வீட்ல யாராச்சும் இப்படி நின்னிருக்காங்களா"ன்னு கேட்டேன். ஒரு பையன் எந்திரிச்சு, பூண்டுக் காட்டுக்குப் போன அப்பா வரல டீச்சர், மூடுபனி இறங்கி நாலடி தூரம் தெரியல, அம்மா வாசல்ல டார்ச்சை ஆட்டிக்கிட்டே நின்னாங்கன்னு சொன்னான். சரி, கதையில எந்த வரி உனக்கு அதை ஞாபகப்படுத்துச்சு, விரலை வைய்யின்னேன். வச்சான். அந்த வீடும் உங்க வீடும் எதுல வேறன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "எங்கப்பா வழி தெரியலைன்னா அங்கனயே உக்காந்துக்குவாரு டீச்சர், கடல்ல எங்க உக்கார்றது"ன்னான். கிளாஸே கப்சிப். கடலைப் பார்க்காத பிள்ளைக்குக் கடலோட பயம் எங்க இருந்துங்கய்யா வந்துச்சு, அவன் வீட்டு வாசல்ல இருந்துதானே!

எல்லின் கீன், சூசன் சிம்மர்மன்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு 1997ல எழுதின புத்தகத்துக்கப்புறம் இந்த முறை பல வகுப்பறைக்குப் போச்சு. படிக்கிறதைத் தன்னோட, இன்னொரு புத்தகத்தோட, உலகத்தோட சேர்த்துப் பார்க்கிறது.

"பாடத்தைப் பாடமா மட்டும் படிக்கட்டும்"னு அண்ணன் சொல்றாரே, அப்படி யாராலயும் படிக்க முடியாதுண்ணே. கேம்பிரிட்ஜ்ல பார்ட்லெட்னு ஒரு உளவியல் அறிஞர், 1932ல எழுதியிருக்காரு. இங்கிலாந்துக்காரங்ககிட்ட வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒண்ணைக் குடுத்து, அப்புறமா ஞாபகத்துல இருந்து சொல்லச் சொன்னா, கதையில சீல்ங்கிற கடல் விலங்கை வேட்டையாடப் போனவங்க இவங்க வாயில மீன் பிடிக்கப் போயிட்டாங்க, அந்த ஊரு மரத்தோணி சாதா படகாயிருச்சு. படிச்ச பெரியவங்களே தனக்குத் தெரிஞ்சதோட ஒட்டிக்கிறாங்கன்னா, எட்டு வயசுப் பிள்ளை ஒட்டிக்காதா? ஒட்டிக்கும், நாம சொல்லிக் கொடுக்கலைன்னா தப்பா ஒட்டிக்கும், அது தப்புன்னு அதுக்கே தெரியாது. அதனாலதான் அந்தப் பையன்கிட்ட "எதுல வேற"ன்னு கேட்டேன்.

இந்த மலையையே எடுத்துக்கங்க. குறிஞ்சித் திணைக்குத் தொழில் தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்றோம். பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கிற, இந்த மலைப் பழங்குடியான பளியர் வீட்டுப் பிள்ளையோட தாத்தா பாறையில ஏறித் தேன் எடுத்தவரு, அந்தப் பிள்ளைகிட்ட நாம ஒரு வார்த்தை கேட்டதில்ல. இதைச் சொல்றப்பவே எனக்கு நெஞ்சு வலிக்குது.

குறிஞ்சிச் செடி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்கும், 2006, 2018, அடுத்தது 2030. பளியர் சனங்க அந்தப் பூவை வச்சே வயசுக் கணக்கு சொல்வாங்கன்னு பாடம் நடத்திட்டு, வீட்ல கேட்டுட்டு வாங்கன்னேன். மறுநாள் ஒரு பொண்ணு ஓடி வந்து, "டீச்சர், எங்க பாட்டி அஞ்சு தடவை குறிஞ்சி பூத்ததைப் பார்த்திருக்காங்களாம், அப்ப அவங்களுக்கு வயசு நாப்பத்தெட்டுக்குக் குறையாதுல்ல"ன்னா. அஞ்சு தடவை பூத்ததுக்கு நடுவுல நாலு இடைவெளிதான்னு அவளாவே விரல் விட்டு எண்ணியிருக்கா. நான் கணக்கே போடச் சொல்லலய்யா.

அந்தப் பொண்ணை மனசுல வச்சுத் தீர்ப்பு சொல்லுங்கன்னு நடுவரைக் கேட்டுக்கிறேன். நன்றி, வணக்கம்.