சீ.ஆர்.பீ. எத்தனை?

வணக்கம். மாரி பிடித்துவிட்டால் நிலாவெளியென்ன, மூதூரென்ன, காய்ச்சலும் நெஞ்சுச்சளியுமாய் ஆட்கள் லாப் வாசலில் நிற்பார்கள். றிப்போட் கைக்கு வந்ததும் முதல் கேள்வி, "சீ.ஆர்.பீ. எத்தனை?" சீ.ஆர்.பீ. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்பது தொற்று வந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்.

இந்தப் புரதத்தைக் காட்டித் தந்ததே நியூமோனியா என்ற நுரையீரல் தொற்றுத்தான். 1930இல் நியூயோர்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நியூமோனியா வந்தவர்களின் இரத்தத் தெளிவத்தை (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரை), நியூமோகொக்கஸ் கிருமியிலிருந்து பிரித்து 'சீ' என்று பெயரிட்ட பொருளோடு கலந்து பார்த்தார்கள். குழாய்க்குள் படிவு விழுந்தது. வருத்தம் உச்சத்தில் இருக்கும்போது விழுந்த படிவு, ஆள் தேறியபிறகு விழவில்லை! பாருங்கள், அன்றைக்கே அவர்கள் கண்டது ஏற்றமும் இறக்கமும். ஒற்றை எண் அல்ல.

ஈரல்தான் இதைச் சுரக்கிறது. தொற்றுத் தொடங்கி ஆறு மணித்தியாலம் போனபிறகுதான் ஏறும். உச்சத்துக்கு வர இரண்டு நாள் அளவில் ஆகும். காலையில் காய்ச்சல், மத்தியானம் இரத்தம் கொடுத்தாயிற்று, 12 என்று வந்தது என்றால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். மறுநாள் நூறைத் தாண்டலாம். ஈரல் பழுதானவருக்கும் ஸ்டீரொய்ட் எடுப்பவருக்கும் எண் குறைவாகவே நிற்கலாம்.

இன்னொன்று, எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு இருக்கும். ஒரு லாப் லீற்றருக்கு மில்லிகிராம் என்று போடும், இன்னொன்று டெசிலீற்றருக்கு, அதாவது லீற்றரில் பத்திலொரு பங்குக்கு. இரண்டாவதில் 12 என்றால் முதலாவதில் 120. நேற்று ஓரிடம், இன்று வேறிடம் என்று எடுத்து, "குறைஞ்சிட்டுது" என்று சந்தோஷப்படுவது இப்படித்தான் பிழைக்கிறது. ஒரே லாப்பில் எடுங்கள்; பழைய றிப்போட்டையும் கொண்டுபோங்கள். மருந்து தொடங்கி மூன்று நான்கு நாளில் பாதியாகக் குறையாவிட்டால், மருந்து பொருந்தவில்லையா, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டதா என்று வைத்தியர் தேடுவார்.

ஆனால் கடுமையைச் சீ.ஆர்.பீ. மட்டும் சொல்லாது. வைத்தியர் ஐந்து விஷயம் பார்ப்பார்: இரத்தத்தில் யூரியா லீற்றருக்கு 7 மில்லிமோலுக்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது கூட, பிரஷர் மேல் எண் 90க்குக் கீழே அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழே, மாறாட்டம், வயது 65 அல்லது கூட. இவற்றில் மூன்று சேர்ந்தால் கடுமையான நியூமோனியா. ஐந்தில் ஒன்றுக்குத்தான், யூரியாவுக்குத்தான், ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டும், கவனியுங்கள். மூச்சை வீட்டிலேயே எண்ணலாம்: ஆளுக்குச் சொல்லாமல், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழு ஒரு நிமிடம்.

புரோகல்சிடோனின், லக்டேட் என்ற வேறு இரண்டு இரத்தச் சோதனைகள் பற்றியும் பேச இருந்தேன், நேரம் முடிகிறது. லக்டேட்டுக்கு இரத்தம் எடுக்கையில் கையைப் பொத்திப் பொத்தி விரிக்காதீர்கள், எண் பொய்யாய் ஏறும். வயதானவர் காய்ச்சலே இல்லாமல் மாறாட்டமாய்க் கதைத்து, மூச்சும் வாங்கினால் லாப்புக்குப் போகவேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.