விரல் நசுங்கிய பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

[காட்சி: காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. நிலைக்கதவு மெல்லச் சாத்தப்படுகிறது.]

பர்மாத் தேக்கு. பெரியவர்களே மூச்சுப் பிடித்துத்தான் தள்ள வேண்டும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியிருக்கும் நாளில், வளவு முழுக்கப் பிள்ளைகள் ஓடும்போது, இதன் இடுக்கில் நாலு வயது விரல் ஒன்று மாட்டினால்?

[காட்சி: விரல் நுனியின் படம், பெரிதாக.]

நகம் வேரோடு பெயர்ந்து தோலுக்கு மேலே வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்து நகத்தைவிட நீளமாகத் தெரியும். நுனி கொஞ்சம் தொங்கும். "நகந்தானே ஆச்சி, விழுந்தா முளைச்சிடும்" என்று யாராவது தேற்றுவார்கள். அந்த நக வேருக்கு அடியில்தான் எலும்பு வளர்கிற தட்டு இருக்கிறது. அது உடைந்து, நகத்தடிச் சதை உடைப்புக்குள் சிக்கியிருக்கலாம். மருத்துவத்தில் சீமோர் முறிவு என்பார்கள். மேலே கட்டு மட்டும் போட்டு அனுப்பினால் எலும்பில் சீழ் பிடிக்கலாம், விரல் குட்டையாகவே நின்றுவிடலாம். காயத்தைக் கழுவி, சிக்கிய சதையை எடுத்து, தைக்க வேண்டும். அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள்.

பன்னிரண்டு நாள் கழித்து இப்படி ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். கட்டைப் பிரித்ததும் அறை முழுக்க வாடை. அந்த அம்மா இரண்டு இடத்தில் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. பந்து பட்டு சுண்டுவிரல் அடியில் சின்ன விரிசல். உடனே "மதுரைக்குப் போங்க" என்று சீட்டு. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போச்சு. அங்கே செய்வது பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டுவது, அவ்வளவுதான். அதைக் காரைக்குடியிலேயே, தேவகோட்டையிலேயே செய்யலாம். நடுவில் கொஞ்சம் பஞ்சு, மூட்டுகளின் மேல் படாமல் டேப், மூன்று வாரம். பிள்ளைகளின் விரல் எலும்பு அவ்வளவு சீக்கிரம் கூடும்.

அப்படியானால் யாரை அனுப்புவது, யாரை இங்கேயே பார்ப்பது? கனடாவின் கால்கரியில் இதற்கென்றே ஒரு விதி வகுத்திருக்கிறார்கள். கேட்பது ஆறே கேள்வி. வெளிக்காயம் உண்டா, விரல் திருகியிருக்கிறதா, கோணியிருக்கிறதா, உடைந்த துண்டு விலகியிருக்கிறதா, மூட்டு பிசகியிருக்கிறதா, மூட்டில் பொருந்தும் எலும்பு நுனிக் குமிழ் உடைந்திருக்கிறதா. எதுவும் இல்லையென்றால் கை அறுவை நிபுணர் தேவைப்படுவது அபூர்வம்.

[காட்சி: ஒரு சிறுமி கையை மெல்ல மூடுகிறாள்.]

திருகலை எக்ஸ்ரேயை விடக் கண்தான் நன்றாகப் பிடிக்கும். "பாப்பா, மெதுவா கையை மூடு." விரல்கள் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறினால் எலும்பு திருகியிருக்கிறது. அழுகிற பிள்ளை கையை மூட மாட்டேன் என்கிறதா? மணிக்கட்டைப் பின்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், விரல்கள் தானாக மடங்கும். இந்தத் திருகல் வளர வளர நேராகாது. வளர்ச்சித் தட்டுக்குப் பக்கத்தில் உள்ள லேசான கோணல் பெரும்பாலும் நேராகிவிடும். விரல் எலும்புகளில் அந்தத் தட்டு அடிப்பக்கம் இருக்கிறது. அதனால் தலைப்பக்கம், குமிழுக்குக் கீழே உள்ள எலும்புக் கழுத்தில் உடைந்தால் நம்பிக் காத்திருக்க முடியாது. இரண்டு வாரம் தள்ளினால் கோணலாகவே கூடிவிடும். எக்ஸ்ரே எடுப்பவரிடம் கை முழுவதற்கும் ஒரு படத்தோடு நிற்காமல், அந்த ஒரு விரலுக்குப் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். அந்த எலும்புக் கழுத்து முறிவு அதில்தான் தெரியும்.

பச்சிலைப் பற்றும் மூங்கில் தப்பையும் வைத்துக் கட்டுகிறவர்கள் மேல் நம் ஊருக்கு நம்பிக்கை அதிகம். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: எக்ஸ்ரே பார்க்காமல் கட்ட வேண்டாம், நீவிவிட வேண்டாம். இறுகக் கட்டிய விரல் நீலம் பாரித்தால், மரத்துப்போனால், உடனே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

[காட்சி: பரிந்துரைச் சீட்டு. பேனா எழுதுகிறது.]

டியூட்டியில் இருக்கும் டாக்டர் தம்பி தங்கைகளுக்கு: "ஃபிராக்சர், மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். 2012-ல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ, கிளம்பும் முன்பே ஃபோனில் எக்ஸ்ரேயை அனுப்பிப் பேசிவிடுங்கள். சீட்டில் இப்படி எழுதுங்கள்: வலது மோதிர விரல். காலை 11 மணி, கதவில் நசுங்கியது. நகம் பெயர்ந்திருக்கிறது. டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தாயிற்று. கடைசியாகச் சாப்பிட்டது 9 மணி, இரண்டு இட்லி.